பச்சைத் தண்ணீரில் இருப்பது எது? பாளையங்கோட்டை நுண்பாசி ஆய்வகச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில், ஒரு மாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் இயங்கும் சிறிய தனியார் ஆய்வகம் ஒன்று, குளத்து நீரிலும் ஆற்று நீரிலும் வளர்ப்புத் தொட்டி நீரிலும் உள்ள நுண்பாசிகளை இனம் கண்டு எழுத்துமூலம் அறிக்கை தருகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது ஒரு சேவை. மரபணுவைப் பிரித்தெடுத்து அதன் எழுத்துவரிசையை வைத்துச் சொல்வது இன்னொரு சேவை. சேரன்மகாதேவிக்கு அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனப் பகுதியில் மீன்குஞ்சு வளர்க்கும் நான், இரண்டு சேவைகளையும் காசு கொடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் ஆய்வகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த வட்டாரத்தில் குஞ்சுக் குளம் வைத்திருப்பவர்களை விசாரித்தால் இடம் தெரிந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக்ரோஸ்கோப் சேவை, வாங்கும் கட்டணத்தை விட மதிப்பு மிக்கது. மரபணுச் சேவை சில குறிப்பான கேள்விகளுக்கு மட்டுமே தேவைப்படுவது, அதற்கான அறிக்கையோ இன்னும் திருந்த வேண்டியது.

மீன் வளர்ப்பவனுக்குப் பாசியின் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கட்லா, ரோகு குஞ்சுகள் முதல் வாரங்களில் தின்பது விலங்கு மிதவை உயிரிகளை; அவை தின்பது நுண்பாசியை. எனவே தண்ணீர் பச்சையாக இருப்பது குஞ்சுக் குளத்துக்கு நல்ல அறிகுறிதான். ஆனால் பச்சை அளவு மீறினால், பகலில் ஆக்சிஜனை உண்டாக்கும் அதே பாசி இரவு முழுவதும் அதைச் சுவாசித்துத் தீர்த்துவிடுகிறது. விடிகாலையில் குஞ்சுகள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திணறுவது அதனால்தான். பிசானப் பருவ நெற்பயிருக்கு இட்ட யூரியாவும் சாண உரமும் கரைந்து வடிந்த நீர் குளத்துக்குள் இறங்கும் பகுதிகளில் இது அடிக்கடி நிகழும். இங்கே நிறம் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. சீனெடெஸ்மஸ் போன்ற பச்சைப் பாசியாக இருந்தால் உரத்தை நிறுத்திப் புதுத் தண்ணீர் விட்டால் போதும். யூக்ளினா என்றால் குளத்தில் கரிமக் கழிவு மிகுந்திருக்கிறது என்று பொருள். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி என்றால், மருந்து அடித்து ஒரேயடியாகக் கொல்வது ஆபத்து, ஏனெனில் செல்கள் உடையும்போது உள்ளே இருக்கும் நச்சு தண்ணீரில் கலந்துவிடும். கரையில் நின்று பார்க்கும் கண்ணுக்கு மூன்றும் பச்சைதான்.

மைக்ரோஸ்கோப் சேவையைப் பற்றி விரிவாகச் சொல்லத் தகும். ஆய்வகத்தை நடத்தும் அம்மா பாசியியலில் ஆராய்ச்சி செய்தவர். மாதிரியை வாங்கியதும் பாட்டிலை மூடி ஓரமாக வைத்துவிடாமல், நாம் அங்கே இருக்கும்போதே ஒரு சொட்டை ஸ்லைடில் இட்டு உயிரோடு பார்க்கிறார். இது சிறிய விஷயமல்ல. மதிப்பீட்டில் நான் அதிக எடை கொடுப்பது இதற்கே. யூக்ளினா போன்ற கசையிழை உள்ளவை நீந்தும் விதத்திலும் உடலைச் சுருக்கி நீட்டும் விதத்திலும் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. அயோடின் கலந்த லூகால் கரைசலில் இட்டுக் கொன்றபின் அவை உருண்டு திரண்டு, எதுவாகவும் இருக்கக்கூடிய பந்துகளாகிவிடுகின்றன. எங்கள் பகுதிக் குளங்களில் வெயில் ஏறும்போது செங்கல் நிறத்தில் ஏடு படிந்து, பொழுது சாயும்போது பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். யூக்ளினா சாங்குவினியா என்ற அந்த உயிரியின் செல்லுக்குள் இருக்கும் சிவப்பு நிறமி, வெளிச்சம் மிகும்போது மேற்புறம் பரவியும் குறையும்போது நடுவில் ஒடுங்கியும் இருப்பதால் வரும் நிறமாற்றம் அது. இந்தச் சிற்றினம் மீன்களைக் கொல்லும் யூக்ளினோஃபைசின் என்ற நச்சை உண்டாக்கக்கூடியது என்பது 2010இல் வெளிவந்த ஆய்விலிருந்து தெரிந்த செய்தி. உயிர் மாதிரியில் இதை அடையாளம் காண அந்த அம்மாவுக்குச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன. மரபணுப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யலாமா என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "அண்ணாச்சி, இதுக்கு ஜீன் டெஸ்ட் வேண்டாம். கண்ணுக்கே தெரியுது, துட்டை மிச்சம் பண்ணுங்க." கூடுதல் கட்டணம் வரும் வேலையைத் தாமே வேண்டாம் என்று சொல்லும் சேவையை நான் அதிகம் கண்டதில்லை.

உயிரோடு பார்த்த பிறகு முறையான வேலை தொடங்குகிறது. மாதிரியின் ஒரு பகுதியில் லூகால் விட்டுப் படியவைத்து, ஒரு மில்லி கொள்ளும் செட்ஜ்விக்–ராஃப்டர் கட்டத்தில் எண்ணுகிறார்கள். அயோடின் படும்போது பச்சைப் பாசிகளின் செல்லுக்குள் பைரினாய்டு என்ற சிறு உறுப்பைச் சுற்றியுள்ள மாவுச்சத்து கருநீலமாகும். யூக்ளினாவில் இருப்பது பாராமைலான் என்ற வேறு சேமிப்புப் பொருள் என்பதால் அது நிறம் மாறாது. இந்த ஒரு சோதனையே பல சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறது. டயாட்டம்களுக்குத் தனி நடைமுறை உண்டு. அவற்றின் சிலிக்கா ஓட்டில் உள்ள கோடுகளையும் துளைகளையும் வைத்துத்தான் சிற்றினம் சொல்ல முடியும் என்பதால், உள்ளிருக்கும் பொருளை அமிலத்திலோ ஹைட்ரஜன் பெராக்சைடிலோ எரித்து, ஒளிவிலகல் எண் மிகுந்த பிசினில் பதித்து, எண்ணெய் விட்ட நூறு மடங்கு லென்ஸில் பார்க்கிறார்கள். அதற்குக் கட்டணம் தனி, அது நியாயமே. ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் நுணுக்கங்களைப் பிரித்துக் காட்ட முடியாது என்பதையும், அந்த எல்லையைத் தாண்டிய கேள்விகளுக்குத் தாம் பதில் சொல்வதில்லை என்பதையும் அறிக்கையின் அடியில் அச்சிட்டிருக்கிறார்கள்.

மேசை அலமாரியில் தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசித் தொகுப்பும், பிலிப்போஸ் 1967இல் வெளியிட்ட, குளோரோகோக்கேல்ஸ் என்ற பச்சைப் பாசி வரிசை பற்றிய தொகுப்பும் புரட்டிப் புரட்டி முனை மடிந்து இருக்கின்றன. எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னையில் வேரூன்றச் செய்த பாசியியல் மரபில் வந்த இந்தத் தொகுப்புகள் நம் நாட்டு மாதிரிகளை நேரில் பார்த்து வரைந்தவை என்பதால், ஐரோப்பியப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சூட்டும் ஆய்வகங்களை விட இவர்கள் ஒரு படி மேல். ஆனால் அந்த நூல்களில் உள்ள பெயர்கள் பல இன்று மாறிவிட்டன. முள்ளுள்ள சீனெடெஸ்மஸ்கள் 1999இல் டெஸ்மோடெஸ்மஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டன; நெடுங்காலம் சீனெடெஸ்மஸ் ஒப்ளிகுவஸ் என்று அறியப்பட்டது இப்போது டெட்ராடெஸ்மஸ். அறிக்கையில் நூலில் உள்ள பெயரையும், ஆல்ஜிபேஸ் தரவுத்தளத்தில் இன்று வழங்கும் பெயரையும் அருகருகே தருவது நல்ல பழக்கம். பழைய ஆய்வறிக்கையோடு ஒப்பிட விரும்பும் மாணவர்களுக்கு இது பெரிய உதவி.

இனி மரபணுச் சேவைக்கு வருகிறேன். இதன் கட்டணம் மைக்ரோஸ்கோப் சேவையைப் போலப் பல மடங்கு. எழுத்துவரிசை படிக்கும் வேலை வெளியூருக்குப் போவதால் முடிவு வரச் சில வாரங்களும் ஆகும். எப்போது இதைக் கேட்கலாம் என்பதற்கு என் அனுபவத்தில் தெளிவான விடை மைக்ரோசிஸ்டிஸ். இந்தப் பாசியைக் கூட்டமாகக் காண்பதில் சிரமமே இல்லை. செல்களுக்குள் இருக்கும் வாயு நுண்குமிழ்கள் கருமையாகத் தெரியும், அவற்றின் மிதப்பால் காலை நேரத்தில் குளத்தின் காற்றடங்கிய மூலையில் பச்சை வண்ணம் ஊற்றியதுபோல் ஒதுங்கியிருக்கும். ஆனால் மைக்ரோசிஸ்டின் நச்சை உண்டாக்கும் வகைகளும் உண்டாக்காத வகைகளும் ஒரே குளத்தில் ஒன்றாகவே வாழும். மைக்ரோஸ்கோப்பில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. நச்சைக் கட்டும் நொதிகளுக்கான எம்சிஒய் மரபணுத் தொகுதி, குறிப்பாக அதில் எம்சிஒய்–இ என்ற பகுதி, இருக்கிறதா என்று, மரபணுத் துண்டைப் பல படிகளாகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறையில் பார்ப்பதே வழி. இந்தப் பரிசோதனைக்கு எழுத்துவரிசை படிக்க வேண்டியதில்லை என்பதால் முடிவு விரைவாக வருகிறது, கட்டணமும் குறைவு. எங்கள் குளத்து மாதிரியில் அந்த மரபணு இருப்பதாக வந்தது. அதன்பின் அந்தக் குளத்து நீரை மாடுகள் குடிக்கவிடுவதை நிறுத்தினோம். மரபணு இருக்கிறது என்றால் நச்சு உண்டாக்கும் ஆற்றல் இருக்கிறது என்றுதான் பொருளே தவிர, நீரில் நச்சு எவ்வளவு இருக்கிறது என்று பொருளல்ல. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்–எல்ஆர் வாழ்நாள் முழுவதும் குடிப்பதற்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள வழிகாட்டு அளவு. அந்த அளவைச் சொல்ல வேறு வேதியியல் பரிசோதனை வேண்டும். இந்த வேறுபாட்டை ஆய்வகத்தார் வாயால் நன்றாகவே விளக்கினார்கள். அறிக்கையில் அது ஒரு வரிகூட இல்லை. வாயால் சொன்னதைக் கேட்காத ஒருவர் கையில் அந்தத் தாள் கிடைத்தால், தேவையில்லாத பீதி கிளம்பும்.

மரபணு இல்லாமல் முடியாத இன்னொரு இடம், உருண்டைப் பச்சைப் பாசிகள். குஞ்சுகளுக்குத் தீனியாகும் ரோட்டிஃபர் என்ற விலங்கு மிதவை உயிரியின் வளர்ப்புக்காக நாங்கள் வைத்திருக்கும் தொட்டிப் பாசியை எல்லாரும் குளோரெல்லா என்றே சொல்லி வாங்குகிறோம், விற்கிறோம். பெயெரிங்க் 1890இல் விவரித்த குளோரெல்லா வல்காரிஸ் சில மைக்ரான் அகலமுள்ள வழவழப்பான பச்சை உருண்டை. அதைப்போலவே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு அதே பேரினப் பெயர் பிற்காலத்தில் சூட்டப்பட்டது. 18எஸ் என்ற ரைபோசோம் மரபணுவை ஒப்பிட்டு 1999இல் செய்த ஆய்வு, அவற்றில் நான்கே நான்கைத்தான் உண்மையான குளோரெல்லாவாக ஏற்றுக்கொண்டது. உருண்டை என்பது பல வேறு பரம்பரைகள் தனித்தனியே வந்து சேர்ந்த வடிவம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: நான்கு செல்கள் அடுக்கிய சீனெடெஸ்மஸ் வகைகள், தம்மைத் தின்னும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு இல்லாத வளர்ப்புத் தொட்டியில் தனிச் செல்களாகவே காலம் தள்ளும், டாஃப்னியா வாழ்ந்த நீரை வடிகட்டி ஊற்றினாலே மறுபடியும் கூட்டம் கட்டும். அப்படித் தனித்திருக்கும்போது அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் வேறு பெயர் சொன்னால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் தொட்டிப் பாசியை மரபணுச் சேவைக்குக் கொடுத்தபோது, நேரடியாக டிஎன்ஏ எடுக்காமல் முதலில் அகார் தட்டில் கீறி, தனித் திரளாக வளர்ந்ததை எடுத்துப் பிபிஎம் என்ற சத்துக் கரைசலில் பெருக்கிய பிறகே அடுத்த வேலைக்குப் போனார்கள். தாமதம் என்று முணுமுணுத்தாலும், காரணம் சரியானது. எழுத்துவரிசை படிக்கும் வழக்கமான சாங்கர் முறையில் கலப்பு மாதிரியைப் படித்தால், ஒரே பந்தலில் இரண்டு மேளம் வேறு வேறு தாளத்தில் அடித்ததுபோல் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் விளங்காது. ஒரு முறை படிப்பதில் 700 முதல் 900 எழுத்துகள்வரை நம்பத்தக்கதாகக் கிடைக்கும். 18எஸ் மரபணு சுமார் 1800 எழுத்துகள் கொண்டது என்பதால் பல படிப்புகளை ஒட்ட வேண்டும். 18எஸ் மெதுவாக மாறும் மரபணு. நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க அது போதாது என்பதால் விரைவாக மாறும் ஐடிஎஸ் பகுதியையும் சேர்த்துப் படித்தார்கள். டயாட்டம் என்றால் பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல் மரபணு. நீலப்பச்சைப் பாசிகள் பாக்டீரியாக்கள் என்பதால் 18எஸ் அவற்றிடம் கிடையாது. அவற்றின் ரைபோசோம் மரபணுவான 16எஸ் பார்க்க வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த மரபணு என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள், அதைப் பாராட்டுகிறேன். உருவத்தை வைத்துப் பேரினமும் மரபணுவை வைத்துச் சிற்றினமும் சொல்வதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: மலைக்கு மேற்கே கேரளத்தில் 2001இல் பெய்த செம்மழையின் துகள்கள் டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று நுண்ணோக்கி ஆய்வு சொன்னது; பிற்காலத்தில் அங்கே பெய்த செம்மழை ஒன்றுக்குக் காரணம் டிரென்டிபோலியா அனுலேட்டா என்று 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வு பெயர் சொன்னது.

குறை இருப்பது அறிக்கையில். எழுத்துவரிசைகளைச் சேர்த்துவைக்கும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில், ஒத்த வரிசைகளைக் காட்டும் பிளாஸ்ட் தேடல் நடத்தி, முதலில் வந்த பெயரையும் அதன் ஒற்றுமை விழுக்காட்டையும் ஒரு வரியில் எழுதி, அதையே முடிவாகக் கொடுத்துவிட்டார்கள். அந்த விழுக்காடு எத்தனை எழுத்துகளை ஒப்பிட்டு வந்தது, அடுத்தடுத்து வந்த பெயர்கள் எவை, அவற்றுக்கும் முதல் பெயருக்கும் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் இல்லை. ஜென்பேங்கில் யார் வேண்டுமானாலும் தாம் நம்பும் பெயரோடு எழுத்துவரிசையைச் சேர்க்கலாம். பழைய பெயரிலும் தவறான பெயரிலும் கிடப்பவை அங்கே ஏராளம். ஆகவே, வளர்ப்புச் சேகரிப்பு நிலையங்களில் காக்கப்படும் சான்று மாதிரிகளின் எழுத்துவரிசைகளோடு சேர்த்து ஒரு மரபுவழி மரம் வரைந்து, நம் பாசி எந்தக் கிளையில் அமர்கிறது என்று காட்டுவதுதான் முறை. வற்புறுத்திக் கேட்டபின் மரம் வரைந்து தந்தார்கள், நன்றாகவும் இருந்தது. மைக்ரோஸ்கோப் அறிக்கையில் சிற்றினம் உறுதியில்லாத இடத்தில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளும் அதே நாணயம் மரபணு அறிக்கையிலும் இருந்திருந்தால், கேட்டு வாங்க வேண்டிய தேவை எழுந்திருக்காது.

மாதிரி எடுப்பதற்கான குறிப்புத் தாளும் திருத்தப்பட வேண்டியது. "பதப்படுத்திக் கொண்டுவரவும்" என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். ஃபார்மலின் உருவத்தை நன்றாகக் காக்கும், ஆனால் டிஎன்ஏவைச் சிதைத்தும் பிணைத்தும் விடும். லூகாலும் டிஎன்ஏ எடுப்பதைச் சிரமமாக்கும். மரபணுச் சேவைக்கு எத்தனாலோ குளிர்பெட்டியோ வேண்டும் என்று தனியாக, தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். என் அண்ணன் மகள் முதுகலைத் தாவரவியல் திட்டத்துக்காகத் தாமிரபரணியில் பாபநாசத்திலும் வண்ணார்பேட்டையிலும் எடுத்த மாதிரிகளை அந்தத் தாளைப் பின்பற்றி ஃபார்மலினில் இட்டுக் கொண்டுபோனதால், மரபணுப் பகுதிக்கு மீண்டும் ஆற்றுக்குப் போக நேர்ந்தது. இரண்டாம் முறைக்கு ஆய்வகம் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆற்று மாதிரிகளின் மைக்ரோஸ்கோப் அறிக்கை சுவையானது. மலையிலிருந்து இறங்கும் மென்னீர் உள்ள பாபநாசத்தில் காஸ்மேரியம், குளோஸ்டீரியம் போன்ற, டெஸ்மிட் எனப்படும் பச்சைப் பாசிகளும் டயாட்டம்களும் மிகுதி; பிறை வடிவக் குளோஸ்டீரியத்தின் இரு முனைகளிலும் உள்ள குமிழ்களுக்குள் நுண்படிகங்கள் ஓயாமல் துடிப்பதைக் கண்ணால் காட்டினார்கள். நகரக் கழிவு கலக்கும் வண்ணார்பேட்டையில் யூக்ளினா, ஃபேகஸ், ஆசிலட்டோரியா, நிட்ஸ்கியா. இந்தப் பட்டியலை வைத்துப் பால்மர் 1969இல் வகுத்த மாசுக் குறியீட்டையும் கணக்கிட்டுத் தருகிறார்கள். 20 பேரினங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 20 அல்லது அதற்கு மேல் போனால் கரிம மாசு மிகுதி என்று கொள்ள வேண்டும். இதற்குப் பேரினம் போதும். எனவே மரபணு தேவையே இல்லை. ஆனால் இதே குறியீட்டைக் குஞ்சுக் குளத்து அறிக்கையிலும் வழக்கமாக அச்சிட்டு "மாசு மிகுதி" என்று சிவப்பில் போடுவது பொருந்தாது. சாணமும் தவிட்டுக் கரைசலும் நாங்களே திட்டமிட்டு ஊற்றிய குளம் அது. கரிமச் சத்து மிகாமல் இருந்தால்தான் கவலை.

ஸ்பைருலினா வளர்ப்பவர்களும் இங்கே வருகிறார்கள். உணவாக விற்கப்படும் ஸ்பைருலினா, பாசியியலில் ஆர்த்ரோஸ்பைரா என்று வழங்கியது. 2019க்குப் பின் அவற்றுள் பல லிம்னோஸ்பைரா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. தொட்டியில் அதன் சுருள் சிலவேளை நேராகிவிடும், பிறகு சுருளாமலே வளரும்; வேற்று இழைப்பாசி புகுந்துவிட்டதோ என்ற சந்தேகம் அப்போது எழுவது இயல்பு. இழையின் அகலத்தையும் குறுக்குச் சுவர்களையும் முனைச் செல்லையும் பார்த்துப் பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். தீராத சந்தேகத்துக்கு 16எஸ் பரிசோதனை. ஆனால் பொட்டலத்தில் போட்டு விற்பதற்குத் தேவையான கன உலோகப் பரிசோதனையும் நச்சு அளவுப் பரிசோதனையும் இங்கே கிடையாது, அவர்கள் தரும் அடையாள அறிக்கையைத் தரச் சான்றாகக் காட்ட முடியாது. வாசலில் ஒட்டியிருக்கும் கட்டணப் பட்டியலின் முதல் வரியிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. உயிர் மாதிரி கொண்டுபோகிறவர்கள் பாட்டிலை முழுக்க நிரப்பாமல் பாதியளவு காற்றுக்கு இடம் விட்டு, வெயில் படாமல், எடுத்த அன்றே முற்பகலுக்குள் சேர்ப்பது நல்லது. பிற்பகலில் பார்ப்பவர் ஒருவரே என்பதால் மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.